வளவுக்கு வரும் கொடிகளும் மூன்று சதவீதமும்

திருப்பூர் மாவட்டத்துக்கும் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் ஒரே வயது. இரண்டும் 2009 பிப்ரவரியில் பிறந்தவை. அதுவரை நம் குன்னத்தூர் ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறை வட்டத்தில் இருந்தது. இப்போது சாதிச் சான்றுக்கு ஊத்துக்குளி தாலுகா அலுவலகம், கலெக்டரிடம் மனுக் கொடுக்கத் திருப்பூர், ஓட்டுப் போட மட்டும் பழையபடி பெருந்துறைத் தொகுதி. மாவட்டம் பிரிந்த கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "மூணு பர்சென்டுங்களா, அது கலைஞர் கொடுத்ததுங்க" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. எதில் மூன்று, யாருக்கு மூன்று, எங்கே போய் எப்படிக் கேட்பது என்பது அந்த மூன்றுக்கு உரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

தெரியாமல் இருப்பதில் யாருக்கு நட்டம், யாருக்கு லாபம் என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

கொங்கு மண்டலத்து வளவுகளுக்கு இன்று வராத கட்சி இல்லை. ஒரு காலத்தில் தேர்தலுக்கு முந்தைய நாள் ராத்திரி மட்டும் வந்தவர்கள், இப்போது அம்பேத்கர் பிறந்த நாளுக்கு வருகிறார்கள், பொங்கலுக்கு வருகிறார்கள், துக்க வீட்டுக்கும் வருகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க தி.மு.க. அலை அடித்தபோதும் நம் மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகளில் ஐந்தை அ.தி.மு.க. எடுத்தது. பெருந்துறையும் அந்தப் பக்கம்தான். தாராபுரத்தில் பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் எல்.முருகன் தோற்றது வெறும் 1,393 ஓட்டில். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் என்பது நாலைந்து வளவு ஓட்டு. இந்தக் கணக்கு வளவுக்காரர்களைவிடக் கட்சி அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆளும் கட்சியாக இருந்த தி.மு.க. இந்த ஆண்டுகளில் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுவோம். செய்ததைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் எழுந்து, 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குளங்களின் பெயர்களில் இருக்கும் சாதியை எடுக்க அரசாணை வந்தது. நவம்பரில் ஈரோடு மாவட்டம் அரச்சலூர் அருகே ஜெயராமபுரத்தில் மாவீரன் பொல்லானுக்கு மணிமண்டபமும் சிலையும் திறக்கப்பட்டன. தீரன் சின்னமலையோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்த அருந்ததியர் வீரர் அவர். சின்னமலையின் ஓடாநிலையும் அந்தப் பக்கம்தான். ஒருவருக்கு எப்போதோ மணிமண்டபம் எழுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவருக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திறப்பு விழாவுக்கு நம் பக்கத்திலிருந்து வேன் பிடித்துப் போனவர்களின் சந்தோஷத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. பள்ளிப் புத்தகத்தில் தன் தாத்தனின் பெயரைக் காணாத பிள்ளைக்கு ஒரு சிலை பெரிய பாடம்.

ஆனால் சிலையும் பெயர்ப்பலகையும் வேறு, சட்டம் வேறு. சிலை திறந்த அன்றோடு கட்சியின் வேலை முடிகிறது. சட்டம் நிறைவேறிய அன்றுதான் வேலை தொடங்குகிறது.

மூன்று சதவீதம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "கொடுத்தார்" என்ற ஒரு சொல்லுக்குள் அதை அடைத்துவிட முடியாது. நீதிக்கட்சிக் காலத்திலேயே சென்னை மாகாணச் சட்டசபையில் உட்கார்ந்து அருந்ததியருக்குத் தனியாகப் பள்ளி, தனியாகக் கவனிப்பு வேண்டும் என்று பேசியவர் எல்.சி.குருசாமி. சுதந்திரத்துக்குப் பிறகு பட்டியல் சாதி என்ற ஒரே பெயருக்குள் தமிழ்நாட்டின் 76 சாதிகளும் வந்தன. 18 சதவீதம் எல்லோருக்கும் பொது. பொது என்றால் முன்னால் நிற்பவனுக்குத்தான் முதலில் கிடைக்கும். தோல் வேலை, துப்புரவு வேலை, கொங்கு நாட்டில் பண்ணையத்தில் மாதாரி வேலை என்று பரம்பரையாகக் கட்டிப்போடப்பட்டவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஆதித்தமிழர் பேரவை உள்ளிட்ட அருந்ததியர் அமைப்புகள் தொண்ணூறுகளிலிருந்து உள் ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகப் பேசின. கோவையிலும் ஈரோட்டிலும் மாநாடு போட்டன. 2007இல் மார்க்சிஸ்ட் கட்சி இந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்து அருந்ததியர்களைத் திரட்டிச் சென்னையில் பேரணி நடத்தியது. அதன் பிறகுதான் கோட்டை அசைந்தது. 2008 மார்ச்சில் முதல்வர் கருணாநிதி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். நீதிபதி எம்.எஸ்.ஜனார்த்தனம் தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. குழு அறிக்கை கொடுத்தது. 2009 பிப்ரவரியில் கருணாநிதி மருத்துவமனையில் இருந்ததால் உள்ளாட்சி அமைச்சராக இருந்த ஸ்டாலின் மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்தார். ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. 'காலனி' அறிவிப்பும் அதே ஏப்ரல் 29தான். பதினாறு ஆண்டு இடைவெளி. தேதியைப் பார்த்து வைத்தார்களா, தானாக அமைந்ததா, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கோரிக்கை வளவில் பிறந்தது. இயக்கங்கள் சுமந்தன. ஆளும் கட்சி கையெழுத்திட்டது. இந்த மூன்றில் எது குறைந்திருந்தாலும் சட்டம் இல்லை. கையெழுத்திட்டவருக்கு நன்றி சொல்வதில் தப்பில்லை. சுமந்தவர்களை மறப்பதுதான் தப்பு.

இப்போது கணக்குக்கு வருவோம். மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் சொல்வது இது: பட்டியல் சாதியினருக்கான இடங்களில் நூற்றுக்குப் பதினாறு அருந்ததியருக்கு. 18இல் 16 சதவீதம் என்றால் 2.88. அதைத்தான் மூன்று என்கிறோம். ஏன் பதினாறு? அன்றைய கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதி மக்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில் இருந்தது இந்தச் சமூகம். ஆக, இது சலுகையாகக் கூட்டிப் போட்ட எண் இல்லை, தலைக்கணக்குக்குச் சரியான பங்கு. அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா ஆகிய ஏழு பெயர்களும் இதற்குள் வரும். அரசு வேலைச் சுழற்சிப் பட்டியலில் மொத்தம் 200 முறை. அதில் பட்டியல் சாதிக்கு 36, அந்த முப்பத்தாறில் ஆறு அருந்ததியருக்கு. விண்ணப்பங்களில் 'எஸ்.சி.ஏ' என்று தனிக் கட்டம் இருப்பது இதனால்தான்.

முக்கியமான இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, அந்த ஆறோடு அருந்ததியர் நின்றுவிட வேண்டியதில்லை. மதிப்பெண் இருந்தால் பட்டியல் சாதியின் மீதி முப்பதிலும் போட்டியிடலாம், பொதுப் பிரிவிலும் போட்டியிடலாம். இன்னொன்று, இது முன்னுரிமை அடிப்படையிலானது. தகுதியான அருந்ததியர் விண்ணப்பிக்கவில்லை என்றால் அந்த இடம் பட்டியல் சாதியின் மற்றப் பிரிவினருக்குப் போய்விடும். காலி நாற்காலி நமக்காகக் காத்திருக்காது. இடம் இருந்தும் ஆள் போகாவிட்டால் சட்டம் ஏட்டில் இருக்கும், நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அப்படி உட்காருபவரும் இன்னொரு தலித்தான் என்பதால் அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. நம் வளவின் பிள்ளை ஏன் விண்ணப்பிக்கவில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

இந்தச் சட்டம் பதினைந்து ஆண்டுகள் தலைக்கு மேல் கத்தி தொங்கியபடியே நடந்தது. 2004இல் ஆந்திர வழக்கில், பட்டியல் சாதிக்குள் பிரிவினை செய்ய மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைக் காட்டித் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் எதிர்த்து வழக்குகள் போயின. புதிய தமிழகம் கிருஷ்ணசாமி வெளிப்படையாக எதிர்த்தார். சுழற்சியில் பட்டியல் சாதிக்கான முதல் முறை அருந்ததியருக்குப் போவதால், ஒன்றிரண்டு பணியிடம் மட்டும் இருக்கும் துறைகளில் மற்றவர்களுக்கு வாய்ப்பே வருவதில்லை என்பது அந்தப் பக்கத்தின் குறை. இதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. சுழற்சியை எங்கே தொடங்குவது என்பது அதிகாரிகள் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். அதைத் தீர்க்காமல் இரண்டு தலித் சமூகங்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க விட்டதில் எந்த ஆட்சிக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பஞ்சாப் வழக்குத்தான் அது, ஆனால் நம் சட்டமும் அதோடு பிழைத்தது. தீர்ப்புக்குப் பிறகு ஹரியானா, தெலங்கானா, ஆந்திரா, கர்நாடகா என்று வரிசையாக உள் பிரிவைக் கொண்டுவந்தன. 2009இலேயே செய்து காட்டிய மாநிலம் நம்முடையது என்று சொல்லிக்கொள்ளலாம். பஞ்சாப் 1975லேயே தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தத் தீர்ப்பில்தான் விடுதலைச் சிறுத்தைகளின் கொங்குப் பயணம் இடறியது. 2024 மக்களவைத் தேர்தலில் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் பானைச் சின்னத்தில் வென்று, மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தைத் தேர்தல் ஆணையத்திடம் பெற்ற கட்சி அது. தலித் தலைமையில் ஒரு கட்சி சொந்தச் சின்னத்தோடு அந்த உயரத்துக்கு வந்ததை வடக்கு மாவட்டங்கள் கொண்டாடின. நாமும் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வடக்கே அவர்களுக்கு இருக்கும் வேர் மேற்கே இல்லை. இங்கே வளவுகளில் ஆதித்தமிழர் பேரவை, ஆதித்தமிழர் கட்சி, தமிழ்ப்புலிகள் என்று கொடிகள் வேறு. இந்த நேரத்தில் ஆகஸ்ட் தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்டு வி.சி.க. உச்ச நீதிமன்றம் போனது. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டை ஆதரித்தவர்கள் நாங்கள், எதிர்ப்பது மாநில அரசுகள் பட்டியலைக் கூறுபோடும் அதிகாரத்தையும், நீதிபதிகள் சொன்ன 'கிரீமிலேயர்' கருத்தையும்தான் என்று தொல்.திருமாவளவன் விளக்கம் சொன்னார். கிரீமிலேயர் பற்றிய பயம் நியாயமானது. நான்கு நீதிபதிகள் அதைப் பேசியிருந்தார்கள். ஒன்றிய அமைச்சரவையே அந்த மாதம் கூடி, அப்படி எதுவும் அரசியல் சட்டத்தில் இல்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஆனால் குன்னத்தூர் வரை வந்து சேர்ந்தது விளக்கம் அல்ல. "நம்ம மூணு பர்சென்டுக்கு எதிரா கேஸ் போட்டுட்டாங்க" என்ற ஒரு வரிதான் வந்து சேர்ந்தது. மறுஆய்வு மனுக்கள் அதே ஆண்டில் தள்ளுபடியாகிவிட்டன. மனத்தாங்கல் தள்ளுபடியாகவில்லை.

மேற்கே வர நினைக்கும் எந்தத் தலித் கட்சிக்கும் இது பாடம். அருந்ததியர் வளவுக்குள் நுழையும் வழி மேடை வழியாக இல்லை. அந்த மூன்று சதவீதத்தின் வழியாகத்தான். அதற்குக் காவல் நிற்பேன் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து அறிக்கை விட்டால் போதாது.

ஓட்டு அரசியலின் இன்னொரு முகத்தை அவிநாசி காட்டியது. 2021இல் தனித்தொகுதியான அவிநாசியில், உள் ஒதுக்கீட்டுக்காக வாழ்நாளைச் செலவிட்ட ஆதித்தமிழர் பேரவை நிறுவனர் இரா.அதியமான் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். எதிரே அ.தி.மு.க.வின் ப.தனபால். 2012 முதல் 2021 வரை சட்டமன்றத் தலைவராக இருந்தவர், அவரும் அருந்ததியரே. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தனபால் வென்றார். சட்டத்துக்காகப் போராடியவருக்கு அந்தச் சட்டத்தின் பயனாளிகளே ஓட்டுப் போடவில்லையா என்று சிலர் கேட்டார்கள். கேள்வி சரியில்லை. தனித்தொகுதியில் நிற்பவர் தலித், தீர்மானிப்பவர்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும். 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் எதைக் கண்டு பயந்தாரோ அதுதான் இது. போராளியாக இருப்பவருக்கு வளவில் கிடைக்கும் மரியாதை தோட்டத்துப் பக்கம் ஓட்டாக மாறுவதில்லை. சில இடங்களில் அதுவே ஓட்டைக் குறைக்கும்.

அதனால்தான் பெரிய கட்சிகள் கொங்கில் இரண்டு குரலில் பேசுகின்றன. வளவில் ஒரு பேச்சு, தோட்டத்தில் ஒரு பேச்சு. விடுதலைச் சிறுத்தைகளும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் ஒரே கூட்டணியில் இருந்து தேர்தலைச் சந்தித்த மாநிலம் இது. கூட்டணி தேர்தல் கணக்கு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சில முடிவுகள் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதை அது விளக்கும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். நம் மாவட்டத்தின் மேல் படிந்த ரத்தம் அது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டு வி.சி.க.வும் இடதுசாரிகளும் அப்போதிருந்தே குரல் கொடுக்கிறார்கள். சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு 2025 அக்டோபரில்தான் வந்தது. ஒன்பதரை ஆண்டு. ஆணையம் என்பதும் சட்டம் இல்லை, சட்டத்துக்கு முந்தைய படி.

சரி, நம் ஊருக்கு வருவோம். காலை ஏழு, ஏழரைக்குக் குன்னத்தூர் ரோட்டில் நின்று பார்த்தால் பனியன் கம்பெனி வேன்கள் வரிசையாகப் போகும். வளவு முக்குக்கு முக்கு நின்று ஆள் ஏற்றும். பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள். கைமடியாகச் சேர்ந்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, கை பழகினால் ஓவர்லாக் மிஷினில் உட்காரலாம். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை கையில் காசு. பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்குக் கிடந்த தாத்தாவோடு ஒப்பிட்டால் இது விடுதலைதான். கவுண்டர் தோட்டத்துக்குப் போகாமல் ஒரு தலைமுறை சோறு தின்றது பனியன் கம்பெனியால் என்பதை மறுக்க மாட்டேன். திருப்பூர் கொடுத்த அந்தச் சுதந்திரத்தை எந்த அரசாணையும் கொடுக்கவில்லை.

ஆனால் கம்பெனி வாசலில் மூன்று சதவீதம் இல்லை. பதினெட்டும் இல்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்பது தேர்தல் அறிக்கைகளில் மட்டும் இருக்கும் வாசகம். ஆர்டர் இருந்தால் வேன் வரும், இல்லாவிட்டால் வராது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது எவ்வளவு வேகமாக ஷிப்ட் குறைந்தது என்பதை வளவு பார்த்தது. வாஷிங்டனில் போடும் கையெழுத்து சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரிகிறது. அரசு வேலையில் அப்படி இல்லை, ஆசிரியர் வேலையில் இல்லை, செவிலியர் வேலையில் இல்லை. மூன்று சதவீதம் திறந்து வைத்திருப்பது அந்தக் கதவுகளை. அந்த வழியாகப் போக வேண்டிய பிள்ளை வேனில் ஏறிவிட்டால் கதவு திறந்திருந்து என்ன பயன்?

வீட்டு நிலைமை தெரியாமல் இதை எழுதவில்லை. அண்ணனின் கடன், அப்பாவின் உடம்பு, தங்கையின் சீர் என்று ஆயிரம் இருக்கும். இருந்தாலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பும் திட்டங்கள் வந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இல் அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது, பொறியியலுக்கு அடுத்த ஆண்டு தி.மு.க. ஆட்சியில் வந்தது. அந்த 7.5க்குள்ளும் எஸ்.சி.ஏ. இடம் உண்டு. இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும்போது, நம் அரசுப் பள்ளியில் படித்த ஓர் அருந்ததியர் மாணவி தன்னைப் போன்ற சிலரோடு மட்டும்தான் போட்டியிடுகிறாள். இதைவிட நல்ல வாய்ப்பு அவள் பாட்டிக்கும் அம்மாவுக்கும் இருந்ததில்லை.

அதற்கு அவள் கையில் சரியான சாதிச் சான்று வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சான்றில் 'ஆதிதிராவிடர்' என்று இருந்தால் எஸ்.சி. கிடைக்கும், எஸ்.சி.ஏ. கிடைக்காது. மேலே சொன்ன ஏழு பெயர்களில் ஒன்று சான்றில் இருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது யாரோ எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, கவுன்சலிங் நேரத்தில் ஓடினால் வேலைக்கு ஆகாது. பழைய சான்று, மாற்றுச் சான்றிதழ், பெற்றோர் சான்று மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தார் வரை நடக்க வேண்டியிருக்கும். நடக்க நாளாகும். 'சக்கிலியன்' என்று எழுத வெட்கப்பட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுதிய அப்பாக்களை எனக்குப் புரிகிறது. அந்தச் சொல்லை வசவாக்கியவன் வெட்கப்பட வேண்டும். 'அருந்ததியர்' என்றே எழுதலாம், உரிமை அதேதான்.

வளவுக்குக் கொடியோடு வரும் கட்சிக்காரர் இந்த ஒரு வேலையைச் செய்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் சான்றுகளை வாங்கிப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம்.

மேலே போய்க் கேட்க வேண்டியவையும் உண்டு. மூன்றை ஆறாக உயர்த்து என்று அருந்ததியர் அமைப்புகள் கேட்கின்றன. கேட்கட்டும். அதற்கு முன், 2009 முதல் இன்று வரை துறைவாரியாக, பணிநிலைவாரியாக இந்த மூன்று எவ்வளவு நிரப்பப்பட்டது என்று ஓர் வெள்ளை அறிக்கை வேண்டும். நான்காம் நிலைப் பணியில் எத்தனை, முதல் நிலையில் எத்தனை? அந்தக் கணக்கு இல்லாமல் ஆறு கேட்டாலும் நீதிமன்றத்தில் நிற்காது. தரவு எங்கே என்றுதான் நீதிபதிகள் முதலில் கேட்பார்கள்.

இன்னொரு முரணையும் கேட்க வேண்டும். அருந்ததியர் அதிகம் இருக்கும் அரசு வேலை எது? துப்புரவு. அந்த வேலையை உள்ளாட்சிகள் ஒவ்வொன்றாக ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டன. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தது தனியார்மயத்தை எதிர்த்துத்தான். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்திய பிறகு, மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்கு இலவசக் காலை உணவு அறிவித்தது. உணவு நல்லதுதான். அவர்கள் கேட்டது நிரந்தர வேலை. உள் ஒதுக்கீடு தந்த கையே ஒதுக்கீடு இல்லாத ஒப்பந்தத்தையும் தருகிறது என்றால், வலது கை கொடுத்ததை இடது கை எடுக்கிறது என்றுதான் வளவில் பேசுவார்கள்.

2024 பிப்ரவரியில் பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு ஒரு சட்டம் நிறைவேறியது. இந்த மக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கும் நிதி வேறு செலவுக்குத் திருப்பப்படாமல் இருக்கத்தான் அது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கேட்டு வாங்கியது, ஆனால் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அதேபோல் மாவட்டத் தொழில் மையம் மூலம் நடக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 சதவீதம் சலுகை. பத்து வருடம் ஓவர்லாக் அடித்தவர் நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க இதைவிட வழி இல்லை. வங்கி மேலாளர் ஜாமீன் கேட்டு மடக்குவார் என்பது நிஜம். அந்த மேலாளரிடம் கூட வந்து பேசும் கட்சிக்காரரைத்தான் கேட்கிறோம்.

கடைசியாக, நம் பக்கத்து அவிநாசி வட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம். 2018இல் அங்கே அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்க விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடம் மாற்ற உத்தரவு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் பெரியாரியத் தோழர்களும் உடன் நின்றார்கள். சாட்சிகளைக் காப்பாற்றி, வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவது லேசான வேலை இல்லை. அதே பகுதியில் நாளைக்கும் குடியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். 2025 நவம்பரில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஏழு ஆண்டு ஆனது. அந்த ஏழு ஆண்டில் இரண்டு சட்டமன்ற ஆட்சி, இரண்டு மக்களவைத் தேர்தல், எத்தனையோ கொடியேற்றம். நீதிமன்ற வராந்தாவில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் எந்தக் கட்சி, எந்த அமைப்பு என்று சேவூர்ப் பக்கத்து வளவுகளில் கேட்டால் பெயரோடு சொல்வார்கள்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பங்கள் தொடங்கிவிடும். தம்பி, தங்கைகளே, சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சாதி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?